கீழ் வீட்டக்கா கண்ணால் பார்த்தவை

மழைக்கு முந்தைய அரைமணி நேரத்தில்தான் அவர் எனக்கு ஞாபகம் வருகிறார். சனிக்கிழமை, மூன்றரை மணி. அரைநாள் வேலை முடிந்து வந்து சமையலறை ஜன்னலில் சாய்ந்திருப்பேன். பிரிக்பீல்ட்ஸ் வானம் ஈயப் பாத்திரத்தின் உட்புறம் போல மங்கிக்கொண்டு வரும். ரயில் யார்டிலிருந்து இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை எழுந்து, கொடியில் காயும் துணிகளில் வந்து உட்காரும். காற்று நின்றுபோகும். அப்போது கீழே, பின்வாசலில், கைலி கட்டிய ஒரு பெண் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். வானத்தை அல்ல. எங்கள் ஜன்னல்களை.

தரை வீட்டுக்கு மேலே நான்கு மாடி, எங்கள் படிக்கட்டில் மாடிக்கு ஒரே வீடு. மூன்றாம் மாடியில் நானும் அம்மாவும். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன், எண்பதுகளின் நடுவில். எல்லா வீட்டுச் சமையலறையும் பின்சந்துக்கு மேலேதான் திறந்தது. சந்து நெடுகப் பெரிய சாக்கடை ஓடியது, லோங்காங் என்போம். குப்பைத் தொட்டியான தோங்கு ரோட்டோரத்தில் இருந்தது. படியிறங்கி, கட்டடத்தைச் சுற்றி, சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து போகவேண்டும். ஜன்னலோ கைக்கெட்டும் தூரத்தில். பாசாரில் கொடுக்கும் பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் போட்டு ஒரு முடிச்சு, ஒரு வீச்சு, அவ்வளவுதான். விழும் சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் என்ன சமையல் என்று அம்மா சொல்லிவிடுவார்.

லோங்காங் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் முதலில் ஏறுவது கீழ் வீட்டுக்குள். அங்கே அக்காவின் கணவர் படுத்திருந்தார். ரயில் யார்டில் கொடி காட்டியவர், ஒரு நாள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உயரமான கட்டிலிலிருந்து ஒரு முறை விழுந்து தலையில் அடிபட்டதால், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பலகைக் கட்டில் அடித்துப் போட்டிருந்தார் அக்கா. நாலு விரல். ஒரு நல்ல மழைக்கு அது ஒன்றுமே இல்லை.

இவ்வளவும் இருந்தும் அவர் யாரிடமும் ‘கீழே போடாதீங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. கெஞ்சியதில்லை, திட்டியதில்லை. அடுத்த வீட்டார் எவ்வளவு நல்லவர்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரெண்டாம் மாடி கிளார்க் சார் இருக்காரே,” என்று படிக்கட்டில் அம்மாவிடம் ஆரம்பித்தார் ஒரு நாள், காய்கறிக் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. “மீன் கழிவ நியூஸ்பேப்பர்ல மடிச்சு, அதுக்கு மேல நூலு கட்டி, கீழ எறங்கி தோங்குல போடுறாரு. யாருக்கோ பார்சல் அனுப்புற மாதிரி. நான் கண்ணால பாத்தேன்.”

“அவரா? அந்த மனுஷன் சொந்த செருப்பையே குனிஞ்சு எடுக்க மாட்டாரே.”

“அதான்க்கா எனக்கும் ஆச்சரியம்.”

அந்த நூல்தான் அக்காவின் கைவேலை. ‘குப்பையைக் கீழே கொண்டு போகிறார்’ என்று சும்மா சொல்லியிருந்தால் அம்மா அதைப் படிக்கட்டிலேயே மறந்திருப்பார். நூல் கட்டிய பொட்டலம் எங்கள் வீட்டுக்குள் வந்து, சோற்றுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

கிளார்க் சார் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட வேட்டிக்கும் ஆங்கிலப் பேப்பருக்கும் நடுவே வாழ்ந்தவர். எங்களிடம் பேசுவதே அபூர்வம். அம்மாவும் அக்காவும் பேசிய அதே வாரம் அவர் என்னைப் படியில் நிறுத்தினார்.

“பிள்ளை, கொஞ்சம் நில்லும். நீர் மீன் கழுவின தண்ணியைக்கூட வாளியிலை கீழ கொண்டு போறனீராம். கீழ் வீட்டு அம்மா சொன்னவ.”

அன்று காலை நான் போட்ட பை லோங்காங்கில் வயிறு உப்பி மிதந்துகொண்டிருந்தது.

“எனக்கு வெக்கமாப் போச்சு. முப்பது வருஷம் அரசாங்கத்திலை இருந்தவன் நான். ஒரு சின்னப் பிள்ளை செய்யிறதை நான் செய்யேல்லை.”

அவர் கையில் ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலம் இருந்தது. நூல் கட்டியிருந்தது. அக்கா அவரிடம் நூலைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ஒழுங்கான மனிதர் தானாகவே அப்படித்தான் கட்டுவார் என்று அக்கா முன்பே கண்டுவைத்திருந்தார். இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டு அது வந்து சேரும்வரை காத்திருந்திருக்கிறார்.

“ஆமா சார்,” என்றேன். மறுநாள் ஒரு வாளி வாங்கினேன்.

முதல் மாடியில் தையல் வேலை செய்யும் சீன ஆன்டி இருந்தார். அவரிடம் நாலாம் மாடி லோரிக்கார அண்ணன் குப்பையைத் தோளில் சுமந்து இறங்குவதாக மலாயில் செய்தி போனது. “சாயா செண்டிரி தெங்கோக்,” நானே பார்த்தேன் என்று முத்திரை குத்தி. லோரிக்கார அண்ணனிடம் சார் பெயர் போனது. என்னிடம் தையல் ஆன்டி துணித் துண்டுகளைச் சாக்கில் கட்டிப் போடுவதாக. ஒருவர் மேல் ஒருவரைச் சாய்த்து வைத்து, நாலு சீட்டுகளில் ஒரு வீடு கட்டுவது போல. அந்த வருடம் பாதிக்குமேல் கீழ் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லவேண்டும். ‘குப்பை கொட்டினால் அபராதம்’ என்று மலாயில் எழுதிய ஒரு போர்டு சந்து முனையில் இருந்தது. அதன்மேல் யாரோ பாய் காயப்போடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்று எல்லாரும் சேர்ந்து லோங்காங்கை வாரினோம். ஒரு பெரிய மனிதர் வந்து இயற்கை நம் தாய் என்று பேசினார், கை தட்டினோம், எல்லாருக்கும் மீஹூன் சேமியாப் பொட்டலம். சாப்பிட்ட பிளாஸ்டிக் தாள்கள் அன்று மாலையே லோங்காங்கில் கிடந்தன.

ஒருமுறை அக்காவோடு கிள்ளானுக்கு ரயிலில் போனேன். கணவருக்குத் தேய்க்க ஒரு தைலம், அங்கே ஒரு கடையில்தான் கிடைக்கும். எதிர் சீட்டில் ஒரு வாலிபன் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் காப்பியை உறிஞ்சி முடித்துவிட்டுக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.

“தம்பி, பக்கத்துப் பெட்டியில எல்லாரும் காலிப் பைய சீட்டுக்கு அடியில வெச்சிருக்காங்களே, எறங்கும்போது எடுத்துக்குவாங்க போல,” என்றார் அக்கா, அவனைப் பார்க்காமல், ஏதோ வானிலை சொல்வது போல.

அவன் கையை உள்ளே இழுத்துக்கொண்டான். பிறகு அடுத்த பெட்டியை எட்டிப் பார்க்க எழுந்தான். ரயில் வளைவில் குலுங்கியதில் மறுபடி உட்கார்ந்துவிட்டான். வெளியே செம்மண்ணும் தென்னையும் தகரக் கூரைகளும் பின்னால் நழுவிக்கொண்டிருந்தன. கண் சொருகியது. அந்த மயக்கத்தில்தான் கேட்கத் துணிவு வந்தது.

“அக்கா, நான் வாளி தூக்கினதே இல்ல. நீங்க சொன்னப்புறம்தான் வாங்கினேன்.”

“தெரியும்மா.”

“அப்ப அது பொய்தானே?”

“அன்னிக்குப் பொய். இப்ப நீ வாளியோட எறங்குறியே, அதுவும் பொய்யா?”

பிறகு அவரே தொடர்ந்தார். “முன்ன ஒரு தரம் தண்ணி ஏறின அன்னிக்கு எல்லாரும் ஓடி வந்தீங்க. அவரு நனைஞ்சு கெடந்தாரு. உங்கம்மா அழுதாங்க. எட்டு நாள் ஒரு பை விழல. ஒம்பதாவது நாள் வெண்டைக்கா காம்பு. நான் கோவப்படல லா. பரிதாபப்பட்டா அப்படித்தான், சீக்கிரம் மறந்துடும். நல்லதுன்னு தெரியாதவங்க யாரு? எல்லாருக்கும் தெரியும். மத்தவங்க செய்றாங்க, நாம மட்டும் மட்டமான்னு ஒரு நெனப்பு வந்துச்சுன்னா, அது சும்மா விடாது.”

“கஷ்டமா இல்லையா, இப்படிச் சொல்லிக்கிட்டே இருக்க?”

“உங்கள எல்லாம் நல்லவங்களா நெனச்சுப் பாக்கிறது என்னம்மா கஷ்டம்,” என்றார். ஜன்னல் கம்பியின் நிழல் அவர் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் இப்படிச் சொல்வதில் கொஞ்சம் பயமும் எனக்கு உண்டு. ஏனென்றால் அவர் வெளியாரிடம் மட்டும் இதைச் செய்யவில்லை. கணவருக்குச் சோறு ஊட்டும்போது, “இன்னிக்கு யார்டு ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்க, நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க, எழுப்ப வேணாம்னு போயிட்டாங்க” என்பார். யாரும் வந்திருக்கமாட்டார்கள். வந்தவர்களின் சட்டை நிறம், கொண்டுவந்த ஆரஞ்சுப் பழம் வரை சொல்வார். பழத்தையும் காட்டுவார்; பாசாரில் தானே வாங்கியது. கணவர் முகத்தின் ஒரு பாதி கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அக்கா துணி எடுக்கப் போயிருந்தபோது, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வார்த்தைகளைச் சேற்றிலிருந்து கால் எடுப்பது போல ஒவ்வொன்றாக எடுத்தார்.

“யாரும்... வரல. தெரியும்.” நல்ல கையால் வாயோரம் துடைத்தார். “அவ சொல்றது... நல்லா இருக்கு.”

அன்று முழுவதும் நான் எதிலும் ஒட்டாமல் அலைந்தேன்.

சீட்டு வீடு சரிந்தது ஒரு தீபாவளி அன்று. நல்ல நாளில் எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போவது எங்கள் படிக்கட்டின் வழக்கம்; கீழ் வீட்டிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறுவோம். அக்காவின் சின்ன ஹாலில் சார், தையல் ஆன்டி, லோரிக்கார அண்ணன், அம்மா, நான். கணவருக்குப் புதுச் சட்டை. ஆரஞ்சு கலர் தண்ணீர் கிளாஸ் கிளாஸாக வந்தது.

லோரிக்கார அண்ணன் சும்மா இருக்கும் ஆள் இல்லை. “சார், நீங்க நூலு கட்டி ஆரம்பிச்சு வெச்சீங்க, எங்க வீட்டு மகாராணி இப்ப என்னைய குப்பைக்கு டிரைவர் ஆக்கிட்டா,” என்றார்.

சார் தலையசைத்தார். “நான் தொடங்கேல்லை. இந்தப் பிள்ளையைப் பாத்துத்தான் நானே தொடங்கினது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் முறுக்கு. ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. வெட்கத்தில் தடுமாறி, “இல்ல, ஆன்டிதான் முதல்ல” என்று தையல் ஆன்டியைக் காட்டிவிட்டேன். அம்மா அதை மலாயில் சொன்னார். ஆன்டி சிரித்துக்கொண்டே தான் இல்லை என்று கையை ஆட்டி, லோரிக்கார அண்ணனைக் காட்டினார்.

அங்கே வட்டம் முடிந்தது.

“அட, அப்ப யாருமே ஆரம்பிக்கலையா?” லோரிக்கார அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். “அக்கா, பெரிய ஆளு நீங்க.”

சார் சிரிக்கவில்லை. “அப்ப நீங்கள் என்னை ஏமாத்தினனீங்கள்.”

அக்கா பலகாரத் தட்டோடு நின்றார். எதையாவது சொல்லித் தப்பிப்பார் என்று நினைத்தேன். அத்தனை அழகாக இட்டுக்கட்டத் தெரிந்தவர். “ஆமா சார்,” என்றார். “அதிரசம் எடுத்துக்குங்க.”

சார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

நாலு நாள் கழித்து இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பை விழுந்தது. கோபத்தோடு போட்ட பைக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. மறுநாள் நாலாம் மாடி. அதற்கடுத்த நாள் முதல் மாடியிலிருந்து துணித் துண்டுகள், வண்ண வண்ணமாக. “நீ மட்டும் எதுக்குடி வாளிய தூக்கிக்கிட்டு?” என்றார் அம்மா. நானும் போட்டேன். ஒரே ஒரு பை என்று சொல்லிக்கொண்டு, மூன்று.

தீபாவளிக்குப் பிந்தைய மழை எப்படிப் பெய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை அது கீழே இறங்கவில்லை, கட்டடத்தின் மேல் நின்றது. ஜன்னலிலிருந்து பார்த்தேன். லோங்காங் பழுப்பாக வீங்கி, எங்கள் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிறகு மெதுவாக, அவசரமே இல்லாமல், அக்காவின் வாசற்படியில் ஏறியது.

நான் ஓடினேன். லோரிக்கார அண்ணனும் வந்தார். கட்டில் பலகையைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது. அக்காவின் கணவரை ஒரு மர நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் நாற்காலி சரிந்தது. இரண்டாம் மாடிக் கதவு திறந்து சார் வந்து நாற்காலியின் பின்காலைப் பிடித்துக்கொண்டார். நனையாத வேட்டி நனைந்தது. எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தோம்.

அந்த மனிதர் ஐந்து வருடங்களாக உயரத்திலிருந்து எதையும் பார்த்ததில்லை. மழை வெளுத்தபோது யார்டு தெரிந்தது: ஈரத் தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் போக, ஒரு சிவப்பு விளக்கு பச்சையாக மாறியது. அவருடைய நல்ல கை மெல்ல உயர்ந்தது. கொடி இல்லாத கை. ஒரு ரயில் அதற்குக் கட்டுப்பட்டது போல நகர்ந்தது. கீழே அக்கா துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளும் சத்தம், சர், சர் என்று, அந்த ரயிலுக்கு அடியில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு அக்கா செய்தி சொல்வதை நிறுத்திவிட்டார். படியில் பார்த்தால் “வேலைக்கா?” என்பார். “ஆமா” என்பேன். அவ்வளவுதான். ஒருவரைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை இல்லை. யாரும் எங்களைக் கண்ணால் பார்க்காதபோது நாங்கள் எங்கள் அளவுக்குச் சுருங்கிப்போனோம். பத்து நாள் எதுவும் விழவில்லை. பிறகு முதலில் தவறி விழுந்தது போல ஒரு முட்டை ஓடு. பிறகு பழையபடி.

லோரிக்கார அண்ணன் குடும்பம் பூச்சோங்குக்கு மாறிப்போனது. நாலாம் மாடிக்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள், கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து. வந்த மறுநாள், சனிக்கிழமை, மூன்று மணி சுமாருக்கு அந்தப் பெண் மூன்றாம் மாடிப் படியில் என்னை நிறுத்தினாள். கையில் ஒரு பை, முடிச்சிலிருந்து வெங்காயச் சருகு நீட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, இங்க குப்பைய எங்க போடுறது?”

படிக்கட்டு ஜன்னல் வழியே லோங்காங் தெரிந்தது. எண்ணிப் பார்க்காமலே தெரியும் அளவுக்குப் பைகள். வானம் மங்க ஆரம்பித்திருந்தது. நான் நகர்ந்து அந்த ஜன்னலை முதுகால் மறைத்தேன்.

“ரோட்டோரம் தோங்கு இருக்கும்மா. எல்லாருமே அங்கதான் கொண்டு போவோம். கீழ ரெண்டாம் மாடியில ஒரு சார் இருக்காரு, எழுபது வயசு, அவரே தினம் எறங்குவாரு. நான் கண்ணால பாத்திருக்கேன்.”

எவ்வளவு சுலபமாக வந்தது. வாயில் இனித்தது. அப்போதுதான் கவனித்தேன், கீழே இரண்டாம் மாடிக் கதவு திறந்திருந்தது. சார் பேப்பரோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

“ஓம் பிள்ளை,” என்றார் அவளிடம். “இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான்.”

அவள் பையோடு கீழே இறங்கிப் போனாள். நாங்கள் இருவரும் அவளுடைய செருப்புச் சத்தம் தேயும்வரை நின்றோம்.

“அவ திரும்பி வந்து குசினி ஜன்னலைத் திறந்து லோங்காங்கைப் பாத்தா என்ன செய்வீர்?” என்றார் சார்.

நான் ஓடினேன். அவரும் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு; அவர் முழங்காலை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஆளுக்கொரு கம்பு கிடைத்தது. லோங்காங்குக்குள் ஒரு காலை வைத்து அவர் இழுக்க, நான் சாக்கில் திணிக்க, நாற்றம் கண்ணில் ஏற, தூரத்தில் எங்கோ முதல் இடி. தையல் ஆன்டி முதல் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னொரு சாக்கை மேலிருந்து மிதக்கவிட்டார்.

கம்பு சுரண்டும் சத்தத்தில் கீழ் வீட்டுப் பின்கதவு திறந்தது. அக்கா நின்றார். சேற்றில் நிற்கும் சாரைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

“என்ன சார் இது?”

சார் நிமிர்ந்தார். அரசாங்கக் கோப்பில் கையெழுத்துப் போடும் முகத்தோடு சொன்னார்:

“காத்துக்கு வந்து விழுந்திட்டுது போலை. ரோட்டுப் பக்கத்திலை இருந்து.”

ஒரு இலை அசையவில்லை. அக்கா அந்தக் காற்றில்லாத பின்சந்தை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ இளகியது.

“ஆமா சார்,” என்றார். “நானும் பாத்தேன். பெரிய காத்து.”

நாலு மணிக்கு மழை பிடித்தது. லோங்காங் நிரம்பி, கறுப்பாக, வேகமாக, எதிலும் தடுக்காமல் எங்களைக் கடந்து ஓடியது. நாங்கள் மூவரும் கூரை ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். உள்ளே அக்காவின் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கதவை மூடவில்லை.